தறிக்கட்டையில் ஒரு கிடார்

சேலத்திலிருந்து திருச்செங்கோடு போகிற பஸ்ஸில் ஏறினால் வழியில் எங்கள் ஊர் வரும். ஆட்டையாம்பட்டி. உங்களுக்கு அநேகமாக முறுக்கால் தெரிந்திருக்கும். அச்சு கிடையாது, குழல் கிடையாது. மாவை விரலாலேயே திரித்துத் திரித்துச் சுற்றுவார்கள். பஸ் நின்றதும் ஜன்னல் வழியாக ஒரு பாக்கெட் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு எங்கள் ஊர் அவ்வளவுதான். இறங்கி நாலு தெரு உள்ளே வந்தால் இன்னொன்று கேட்கும். தறிச் சத்தம். இப்போது விசைத்தறி. நான் சின்னப் பையனாக இருந்தபோது கைத்தறி. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. கைத்தறி அவ்வப்போது நின்று மூச்சு விடும். விசைத்தறிக்கு அந்தப் பழக்கம் இல்லை.

எங்கள் வீட்டிலும் ஒரு குழித்தறி இருக்கிறது. 2003-ல் அப்பா போனதிலிருந்து யாரும் அதில் இறங்கி உட்காரவில்லை. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு மட்டும் தூசி தட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு முழம் பூ போடுவோம். அந்த ஒரு நாள் நானும் சென்னையிலிருந்து வந்து நிற்பேன். கண்ணில் ஒத்திக்கொள்வேன். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.

போன ஆனி மாசம் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்தேன். அக்கா மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம். "மாமா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?" என்றான். பணம்தான் என்று நினைத்துப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"அந்தத் தறி சும்மாதானுங்களே கெடக்குது. அதுல படமரத்த மட்டும் எனக்குக் குடுங்க."

படமரம் என்பது நெய்கிறவரின் வயிற்றுக்கு முன்னால் குறுக்கே கிடக்கும் கட்டை. நெய்த துணி அதில்தான் சுருண்டுகொண்டு வரும்.

"எதுக்குடா?"

"கிடார் செய்யப் போறேன். எலெக்ட்ரிக் கிடார்."

எனக்குச் சுருக்கென்றது. மூன்று தலைமுறைக்குச் சோறு போட்ட தறி. அதை அறுத்துக் கிடாரா? கடையில் போய் வாங்கிக்கொள், பணம் நான் தருகிறேன் என்றேன். அவன் சிரித்தான். "காசு குடுத்து வாங்கறதுன்னா யார் வேணும்னாலும் வாங்கலாம் மாமா" என்று சொல்லிவிட்டு, தன் செல்போனில் ஒரு சிவப்புக் கிடாரின் படத்தைக் காட்டினான். அன்று ராத்திரி முழுக்க அந்தக் கிடாரின் கதைதான். அதை நான் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் என் கோபத்தைக் குழப்பிவிட்டது அதுதான்.

1963. லண்டன் பக்கம் ஒரு சாதாரண வீடு. பதினாறு வயதுப் பையன் பிரையன் மே. கடையில் தொங்குகிற ஃபெண்டர், கிப்ஸன் கிடார்கள்மேல் ஆசை. வாங்க வழியில்லை. அப்பா ஹெரால்ட் மே எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர், கையில் கருவி பிடிக்கத் தெரிந்தவர். அவர் 'பணம் இல்லை' என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொள்ளவில்லை. நாமே செய்வோம் என்றார். இரண்டு பேரும் ஏறக்குறைய இரண்டு வருஷம் செய்தார்கள். பெரிய மெஷின் எதுவும் கிடையாது. எல்லாம் கைவேலை.

கிடாரின் கழுத்து எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒரு பழைய வீட்டின் கணப்பு அடுப்புக்கு மேலே இருந்த மஹாகனிப் பலகை. நூறு வருஷத்துக்கு மேல் வயது. உள்ளே பூச்சி அரித்த ஓட்டைகள். அதில் தீக்குச்சியைச் செருகி அடைத்தார்கள். உடம்பின் நடுப்பகுதிக்கு ஒரு பழைய ஓக் மேஜை. சுற்றிலும் சாதா ஒட்டுப்பலகை. அதன்மேல் மஹாகனித் தோல் ஒட்டி மெருகேற்றியதும் கடைச் சரக்கு மாதிரி ஆகிவிட்டது. செலவு மொத்தம் எட்டுப் பவுண்டு அளவில்தான்.

கம்பிகளை ஒரே சமயத்தில் தளர்த்தி ஆட்டுவதற்கு ஒரு கைப்பிடி உண்டு. ஆட்டிவிட்டு விட்டால் கம்பி பழைய சுருதிக்கே திரும்ப வேண்டும். அந்தக் காலத்துக் கிடார்களில் அது பெரிய தலைவலி. ஆட்டிய பிறகு சுருதி கலைந்துவிடும். காரணம் உராய்வு. அப்பாவும் பிள்ளையும் அதைப் பௌதிகக் கணக்காக எடுத்துக்கொண்டார்கள். கம்பிகள் பூட்டியிருக்கும் தகட்டைத் தராசு முள் மாதிரி ஒரு கத்தி முனைமேல் நிறுத்தினார்கள். கம்பிகள் ஒரு பக்கம் இழுக்க, எதிர்ப்பக்கம் இழுக்க ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங் இரண்டு. கம்பி உட்காரும் இடத்தில் குட்டி உருளைகள், உரசாமல் உருள்வதற்கு. கைப்பிடி, சைக்கிள் சீட்டுக்குப் பின்னால் பை மாட்டும் இரும்புக் கம்பியிலிருந்து. அதன் நுனியில் அம்மாவின் பின்னல் ஊசியிலிருந்து ஒரு துண்டு. விரல் பலகையில் இடம் காட்டுவதற்கு வெள்ளைப் புள்ளிகள் வைப்பார்கள் அல்லவா, அவை அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பித்தான்கள்.

பையன் பிற்பாடு குவீன் என்ற குழுவில் சேர்ந்தான். அதில் பாடிய ஃப்ரெடி மெர்க்குரி நம் பஞ்ச்கனியில் ஹாஸ்டலில் படித்தவர். உலகம் முழுக்க ஸ்டேடியம் ஸ்டேடியமாகக் கூட்டம் கூடிய அந்தக் கச்சேரிகளில் எல்லாம் மே கையில் இருந்தது அடுப்புப் பலகைக் கிடார்தான். பேர் ரெட் ஸ்பெஷல். 2002-ல் எலிசபெத் ராணியின் பொன்விழாவுக்கு பக்கிங்ஹாம் அரண்மனை மொட்டை மாடியில் நின்று அவர் தேசிய கீதம் வாசித்தபோதும் அதேதான். மீட்டுவதற்குப் பிளாஸ்டிக் வில்லை கூட இல்லை, ஒரு பழைய ஆறு பென்ஸ் காசு. நடுவில் விட்டுப்போன வானியல் ஆராய்ச்சியை 2007-ல் முடித்து டாக்டர் பட்டமும் வாங்கினார். (என் அக்காவுக்கு இந்தக் கதையில் பிடித்தது இந்தக் கடைசி விஷயம் மட்டும்தான்.)

கதை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நானும் லேசுப்பட்டவன் இல்லையே. மறுநாள் காலை காபி குடிக்கும்போது அவனை மடக்கினேன்.

"டேய், வீணைக்குப் பலாமரம் ஏன்னு எனக்குப் புரியுது. தஞ்சாவூர்ல ஒரே மரத்தைக் குடைஞ்சு ஏகாண்ட வீணை செய்யறான். அந்தக் குடம் பேசுது. உன் எலெக்ட்ரிக் கிடாருக்குத்தான் வயிறே இல்லையே. கட்டைதானே?"

அவன் ஒப்புக்கொண்டான். எலெக்ட்ரிக் கிடாரில் இரும்புக் கம்பிக்கு அடியில் காந்தம். காந்தத்தைச் சுற்றித் தலைமயிர் போல மெல்லிய செம்புக் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று. மேலே கம்பி அதிர்ந்தால் காந்தப்புலம் அசையும். அசைந்தால் செம்புச் சுருளில் மின்சாரம் பிறக்கும். ஃபாரடே 1831-ல் கண்டுபிடித்த சங்கதி. அந்த மின்சாரத்தைத்தான் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறோம். நம் மாண்டலின் ஸ்ரீநிவாஸ் நாலு ஜோடிக் கம்பியை எடுத்துவிட்டு ஐந்து ஒற்றைக் கம்பி போட்டு வாசித்தாரே, அந்த மின்சார மாண்டலினும் இந்த வகைதான். காந்தம் மரத்தைக் கேட்பதில்லை, கம்பியைத்தான் கேட்கிறது. மரத்தால் ஒலி மாறுமா மாறாதா என்று கிடார் செய்கிறவர்களுக்குள்ளேயே தீராத சண்டை. பிரையன் மே தன் கிடாருக்குள் அங்கங்கே வெற்றிடம் விட்டது, ஒலிபெருக்கிச் சத்தத்துக்குக் கிடாரே திரும்ப அதிரட்டும் என்றுதான். அதனால் மரத்துக்கு வேலையே இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியாது.

"சரி, கண்ண மூடிக் கேட்டா படமரத்துக் கிடார், டிம்பர் டிப்போ கிடார், வித்தியாசம் தெரியுமா?"

கொஞ்ச நேரம் யோசித்தான். "எனக்குத் தெரியாதுங்க மாமா. யாருக்கும் தெரியாதுன்னு நெனைக்கிறேன்."

"அப்புறம் ஏண்டா அறுக்கணும்கிற?"

"கழுத்துக்கு நல்லாக் காஞ்ச, நேரான மரம் வேணும். ஆறு கம்பியும் சேந்து நாப்பது கிலோவுக்கு மேல இழுக்கும். புது மரமா இருந்தா வளைஞ்சுரும். படமரம் அம்பது வருசமாப் பாவோட இழுப்பத் தாங்கி நேரா நிக்குது." அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு, "அதும் இல்லாம, தாத்தாவோடது" என்றான்.

முதல் காரணம் இன்ஜினீயர் சொல்வது. அது உண்மைதான், ஆனால் பதில் உண்டு. சேலத்தில் எந்த டிப்போவிலும் பழைய வீடு பிரித்த தேக்கு கிடைக்கும். அதனால் அவன் நிஜமான காரணம் இரண்டாவதுதான். தாத்தாவோடது, அதனால் வேண்டும். என் காரணம் என்ன? அப்பாவோடது, அதனால் தொடாதே. யோசித்துப் பாருங்கள். இரண்டு பேருக்கும் காரணம் ஒன்றே. ஒருத்தன் அதை வைத்து அறுக்கச் சொல்கிறான், இன்னொருத்தன் அதையே வைத்துத் தடுக்கிறான். பிரியம் வைத்த பொருளை அப்படியே வைத்திருப்பதா, இல்லை கையில் எடுத்து வேறொன்றாக ஆக்கிப் புழங்குவதா? எது மரியாதை?

நான் முதலில் பிரையன் மேயை வைத்தே அவனை அடித்தேன். அந்த அடுப்புப் பலகைக்கு யாரும் பூப் போடவில்லை. வேண்டாம் என்று கழித்த மரம். கழித்ததை எடுத்து உயிர் கொடுத்தால் புண்ணியம். கும்பிடுகிறதை எடுத்து அறுத்தால்? கும்பகோணம் பக்கம் நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் செய்கிற ஆசாரிகளும் அப்படித்தான். இடித்த பழைய வீடுகளின் ஆச்சா மரத்தைத் தேடி வாங்கிக் கடைவார்கள். ஈரம் முழுக்கச் செத்த மரமாக இருந்தால்தான் பிற்பாடு வெடிக்காது. அந்த ஊர் நாகஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே இருந்த ரங்கநாதன் ஆசாரி 1950-களில் ராஜரத்தினம் பிள்ளைக்காகக் கணக்குப் போட்டு, துளைகளை மாற்றி, சுத்த மத்யமம் சுத்தமாகப் பேசுகிற மாதிரி ஒரு பாரி நாகஸ்வரம் செய்தார். இன்று எல்லோர் கையிலும் இருப்பது அந்த வழியில் வந்ததுதான். அங்கேயும் மரம், இடிந்த வீட்டு மரம். நிற்கிற வீட்டின் தூணை யாரும் அறுக்கவில்லையே என்றேன்.

"தறி நிக்குதுங்களா மாமா?" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

அந்தக் கேள்விக்கு அப்புறம் எனக்குப் பேச்சு வரவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன். இதுவரை இதை வீட்டில் யாரிடமும் பேசியதில்லை.

எங்கள் வீட்டில் இருந்தது ஒரு தறி இல்லை. இரண்டு. 1994-ல் தெருவுக்குத் தெரு விசைத்தறி வந்துகொண்டிருந்த சமயம். கைத்தறிக்குக் கூலி கட்டவில்லை. அப்பா ஒரு தறியை நிறுத்தினார். அக்கா கல்யாணத்துக்குப் பந்தல் போட இடம் வேண்டும், இதை என்ன செய்யட்டும் என்று எனக்குக் கடிதம் போட்டார். நான் அப்போது சென்னையில் புதுசாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். இன்லேண்டு லெட்டரில் இரண்டு வரி பதில் எழுதினேன். எடைக்குப் போட்டுவிடுங்கள் என்று. கல்யாணச் சமையலுக்கே அது விறகாகப் போனது என்று அப்புறம் தெரிந்தது. அந்தச் சாப்பாட்டை நான் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். நன்றாக இருந்தது என்றுகூடச் சொன்னேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

அதனால் மிச்சமிருக்கிற தறிக்கு நான் வைக்கிற குங்குமத்தில் பக்தி எவ்வளவு, அந்த இன்லேண்டு லெட்டருக்கான அபராதம் எவ்வளவு என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. அபராதமாக இருந்தால் அதைப் பையன் தலையில் ஏன் சுமத்த வேண்டும்? நான் அன்றைக்கு எரித்ததற்கு இவன் இன்றைக்குக் கிடார் இல்லாமல் இருக்க வேண்டுமா?

வைத்துக் காப்பாற்றுவது என்கிறோமே, அதிலும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சொந்தக்காரர் ஒருவர் வீட்டு ஹாலில் ஒரு வீணை இருக்கிறது. அவர் அம்மா வாசித்தது. கண்ணாடி அலமாரி, உள்ளே விளக்கு. போகும்போதெல்லாம் பெருமையாகக் காட்டுவார். போன தடவை கிட்டே போய்ப் பார்த்தேன். கம்பி துருப்பிடித்திருந்தது. மெழுகு இளகி மெட்டுகள் சாய்ந்து கிடந்தன. குடத்தில் மெல்லிசாக ஒரு விரிசல். யாரும் தொடாமல் பத்திரமாக வைத்திருந்ததில் வந்த விரிசல். ரெட் ஸ்பெஷலை மேடை மேடையாக முப்பது வருஷத்துக்கு மேல் அடித்து வாசித்ததில் அதுவும் தேய்ந்துதான் போனது. 1998-ல் கிரெக் ஃப்ரையர் என்ற ஆஸ்திரேலியக் கைவினைஞர் அதைப் பிரித்து, உதிர்ந்த இடத்தைச் சரிசெய்து கொடுத்தார். அவரே அதற்கு முன்னால் அளவெடுத்து அச்சு அசலாகப் பிரதிகளும் செய்திருந்தார். பிரதி இருக்கிறதே என்று மே அசலை அலமாரியில் பூட்டவில்லை. மறுபடி தோளில்தான் மாட்டிக்கொண்டார்.

இப்படியெல்லாம் யோசித்து, சரி கொடுத்துவிடலாம் என்கிற இடத்துக்கு நான் வந்துவிட்டேன். பெரிய மனசு பண்ணி அவனைக் கூப்பிட்டு, "எடுத்துக்கடா" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் கொல்லையில் அத்தை கண்ணில் பட்டார்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. இளம் வயதிலேயே தாலி இழந்து பிறந்த வீட்டுக்கு வந்தவர். அன்றிலிருந்து அப்பா நெய்த ஒவ்வொரு சேலைக்கும் தார் சுற்றியது அவர்தான். நாடாவுக்குள் போகிற குட்டிக் குழலில் ராட்டையால் நூல் சுற்றித் தருவதற்குப் பேர் தார் சுற்றுவது. பெரியவர் தறியில் ஏறுவதற்கு முன்னால் எழுந்து, அவர் இறங்கிய பிறகும் சுற்றிக்கொண்டிருப்பார். சங்கத்துப் புத்தகத்தில் நெசவாளி என்று அப்பா பேர் இருந்தது. வீட்டுப் பத்திரத்தில் இப்போது என் பேர் இருக்கிறது. அத்தை பேர் எதிலும் இல்லை.

பையன் சொன்ன கதையில் அந்தப் பித்தான்கள் ஞாபகம் வந்தன. ரெட் ஸ்பெஷலை அப்பாவும் பிள்ளையும் செய்தார்கள் என்றுதான் உலகம் சொல்கிறது. நானும் மேலே அப்படித்தான் எழுதியிருக்கிறேன், திரும்பிப் பாருங்கள். புள்ளிகள் அம்மாவுடைய தையல் பெட்டியிலிருந்து வந்தன. கைப்பிடி நுனி அம்மாவின் ஊசி. இரண்டு வருஷம் வீடு முழுக்க மரத்தூளாகக் கிடந்திருக்கும். அதைக் கூட்டியது யார் என்று எந்தப் புத்தகத்திலும் நான் தேடப் போவதில்லை, எனக்குத் தெரியும். நம் வீடுகளிலும் அப்படித்தானே. தறியை விறகாக்க அனுமதி கொடுத்தவன் நான். இன்றைக்குக் கிடாராக்க அனுமதி கொடுக்கப் போகிறவனும் நான். இரண்டு தடவையும் அந்தத் தறி ஓடிய வீட்டில் நான் இல்லை. இருந்தவரிடம் யாரும் கேட்கவில்லை.

மத்தியானம் அத்தை வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அழுவார் என்று பயம். திட்டினால் பரவாயில்லை, அழுதால் எனக்குத் தாங்காது.

அத்தை அழவில்லை. "கிடாருன்னா, சினிமாவுல தோள்ல மாட்டிக்கிட்டு ஆடுவாங்களே, அதா கண்ணு?" என்றார். ஆமாம் என்றேன். "அத வெச்சு என்ன பண்ணுவான்?" வாசிப்பான் என்றேன். "வாசிக்கத் தெரியுமா அவனுக்கு?"

இதை நான் யோசிக்கவே இல்லை. பையனைக் கூப்பிட்டுக் கேட்டோம். கடன் வாங்கிய கிடாரில் இரண்டு வருஷமாக ஹாஸ்டலில் வாசிக்கிறேன் என்றான். "எடுத்துட்டு வந்து வாசிச்சுக் காட்டு. அப்பறம் பாப்போம்" என்றார் அத்தை. பையன் முகம் விழுந்துவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கேட்டார், நான் இரண்டு வரியில் முடித்துவிட்டேன். அத்தை அவனை ஒரு பரீட்சைக்காவது உட்கார வைக்கிறார்.

சாயங்காலம் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அத்தை தறிக்குழியின் ஓரத்தில் உட்கார்ந்து படமரத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஆயுத பூஜைக்கு இன்னும் மூன்று மாசம் இருக்கிறது. பையன் டேப்பை வைத்து நீளம், கனம் பார்த்து ஒரு நோட்டில் குறித்துக்கொண்டிருந்தான். படமரத்தில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும். பாவின் நுனியைக் குச்சியோடு சேர்த்து அதற்குள் செருகித்தான் முதல் சுற்றுச் சுற்றுவார்கள். அத்தை அந்தப் பள்ளத்தில் விரலை ஓட்டியபடி அவனைக் கேட்டார்.

"இந்தப் பள்ளம் உனக்குக் குறுக்க வருமாடா?"

"அதுலதான் அம்மாயி, உள்ள ஒரு இரும்புக் கம்பி விடணும். கழுத்து வளையாம இருக்கறதுக்கு. நானே தோண்ட வேண்டியது, ஏற்கனவே இருக்குது."

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. துடைத்து முடித்துத் துணியை உதறினார்.

"அடுத்த மாசம் ஆடி. ஆடில ஒண்ணும் பிரிக்கவும் வேண்டாம், கோக்கவும் வேண்டாம். ஆவணி பொறக்கட்டும்."

எனக்கு ஒரு பொட்டலம் முறுக்குக் கொடுத்தார். பஸ் வந்துவிட்டது.